தொட்டி கழுவும் நாட்கள்

1978 ஜனவரி 19, வியாழன். தூத்துக்குடி

மீன் தொட்டித் தண்ணீர் இன்றைக்கு அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆகிவிட்டது. வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

டாக்டர் அய்யாவின் தம்பி பொங்கலுக்கு மெட்ராஸிலிருந்து வந்தபோது கொண்டுவந்த கண்ணாடித் தொட்டி. நோயாளிகள் காத்திருக்கும் அறையில், என் மேஜைக்கு எதிரே வைத்திருக்கிறார்கள். ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகள் மீனைப் பார்த்தால் அழுகையை நிறுத்தும் என்று டாக்டர் செல்வதுரை அய்யா எங்கோ படித்தாராம். டோக்கன் கொடுப்பதும் பெயர் எழுதுவதும்தான் என் வேலை. ஆனால், "நீ விலங்கியல் படிச்ச பிள்ளதானே, இது இனி உன் பொறுப்பு" என்றார். தலையாட்டினேன். தவளையை அறுத்திருக்கிறேன். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் படம் வரைந்திருக்கிறேன். எதையாவது உயிரோடு வைத்துக் காட்டு என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி பெருக்கித் துடைக்கும் இசபெல்லா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள். கடற்கரைக்காரி. அவள் வீட்டு ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். "ஊரச் சுத்திக் கடல் கெடக்கு. அதுல இல்லாத மீனையா ரயிலேத்திக் கொண்டாந்திருக்காவ? கொழம்புக்காவது ஆகுமா இது?"

நல்ல தண்ணீர் மீன் என்றேன்.

"உப்பில்லாம எப்படிளா உசிரு நிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜனவரி 20, வெள்ளி

முழுவதும் கழுவிவிட்டேன். மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, மணலை அலசி அலசி, ஊற்றுகிற தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக வரும்வரை விடவில்லை. கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். கூழாங்கற்களைப் பல் விளக்குவதுபோல் ஒவ்வொன்றாக விளக்கினேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். விடிந்ததும் நேற்றுத் தண்ணீர் வாழைக்குப் போய்விடும். குடத்தை நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் அம்மா வாசல் தெளிப்பாள். நேற்றுத் தண்ணீர் கிடக்கிற வீட்டில் மூதேவி கிடப்பாள் என்பாள்.

ஜெபகனி அம்மா வந்து பார்த்தார்கள். டாக்டர் அய்யாவின் மனைவி. ஆஸ்பத்திரி நிர்வாகம் முழுக்க அவர்கள் கையில்தான். பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாசரேத்துக்காரர்கள், இரண்டு தலைமுறையாக வாத்தியார் குடும்பம். கண்ணாடியில் ஒரு விரலை இழுத்து, விரலைப் பார்த்தார்கள். "பரவாயில்லையே பேச்சித்தாய். கிராமத்துப் பிள்ளன்னு நெனச்சேன்."

நாள் முழுக்க அந்த வார்த்தையை மிட்டாய்போல வாயில் வைத்திருந்தேன். இப்போது எழுதும்போதுதான் அதன் கடைசிப் பாதி உறைக்கிறது.

ஜனவரி 22, ஞாயிறு

தீனி போடப் போனேன். ஒன்று செத்து மிதந்தது. விசிறி வால் வைத்த தங்கமீன். பிள்ளைகள் அதைத்தான் அதிகம் பார்க்கும்.

ஜனவரி 24, செவ்வாய்

இன்னும் இரண்டு.

எதைச் செய்யாமல் விட்டேன்?

ஜனவரி 28, சனி

தண்ணீர் மறுபடி வெள்ளை கட்டியது. மறுபடி எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கிறது.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரம் நினைவுக்கு வந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவி அடுக்கினேன். வார்டன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க ஊர்ல இதுக்குப் பேரு கழுவுனதா?" வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் எதையும் இரண்டு முறை கழுவுகிறவள். அந்தப் பெண்களின் வீட்டில் அம்மாக்கள் படித்தவர்கள். அவர்கள் ஒரு முறை கழுவினால் போதும்.

பிப்ரவரி 3, வெள்ளி

இன்று காத்திருந்த கூட்டத்தில் உப்பளத்துப் பெண்கள் இரண்டு பேர். தொட்டியில் ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. நான் எழுந்து போய் எடுப்பதற்குள் பார்த்துவிட்டார்கள்.

"மீனையே காப்பாத்த முடியல. இவரு எம் பிள்ளைக்கு என்னத்தக் கிழிக்கப் போறாரு?"

"சும்மா இரிளா. அவரு மனுச டாக்டருலா."

அறையே சிரித்தது. அவர்களில் ஒருத்தி நிஜமாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். டோக்கனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். காய்ச்சல் பிள்ளை. வேறு எங்கே காட்டினாளோ, காட்டினாளோ இல்லையோ.

ஜெபகனி அம்மா உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 10, வெள்ளி

மெட்ராஸிலிருந்து புது மீன்கள் வந்தன. மை போலக் கறுத்த மோலி, பட்டம் மாதிரி தட்டையான ஏஞ்சல். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து உள்ளே கொண்டுவந்தேன்.

இந்த முறை காரணம் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை. கிணற்றுத் தண்ணீர் என்றால் உப்புக் கரிக்கும். அதனால் குழாய்த் தண்ணீரைப் பெரிய அண்டாவில் பிடித்து, வாடை போகும்வரை வெயிலில் வைத்து, அதற்குப் பிறகு தொட்டியில் ஊற்றினேன்.

இனி சாகாது. சாகக் கூடாது.

பிப்ரவரி 16, வியாழன்

அப்பா வந்திருந்தார். ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் பிடித்து, ஒரு சாக்கு அரிசியோடு. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று வாசல் படியில் உட்கார்ந்தார். வேட்டியில் வயல் சேற்றின் கறை. அது யார் கண்ணிலும் படக் கூடாதே என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்னை நானே வெறுத்தேன். ஆனாலும் நினைத்தேன்.

நான் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"மீனுக்கு வேலக்காரியா வச்சிருக்காவளா ஒன்னய? இதுக்கா பி.எஸ்சி. படிச்ச?"

சிரித்துத்தான் சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. பிரசவத்தில் போனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, பெண் பிள்ளை, இப்போது நடக்கிறாள். அத்தான் சங்கரபாண்டியன் ஊரில் நெல் அரைக்கிற மில் வைத்திருக்கிறார். இன்னும் ஒற்றையாள்தான்.

"இங்கன ஒனக்கு வேல நெலைக்கும்னா சொல்லு தாயி. நான் சங்கரபாண்டியங்கிட்ட வேற எடம் பாத்துக்கிடச் சொல்லிருதேன். இல்லன்னா ஆனியில கல்யாணத்த முடிச்சிருவோம். பச்சப்பிள்ளைக்கு ஒரு தாய் வேணும்லா. வெளிய இருந்து ஒருத்தி வந்தா அது என்ன கதிக்கு ஆவும்?"

நியாயம்தான். அதுதான் கஷ்டம். எதிர்த்துப் பேச ஒன்றுமே இல்லாத நியாயம். எனக்கு வேண்டாம் என்பதைத் தவிர.

ஜூனில் ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அங்கே யாரை நிலையாக வைத்துக்கொள்வது என்று ஜெபகனி அம்மாதான் முடிவு செய்வார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"சரி. ஜூன் வரைக்கும் பாப்போம்."

அப்பா போன பிறகு தொட்டியைப் பார்த்தேன். ஜூன் வரைக்கும் இவை உயிரோடு இருக்க வேண்டும்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஏஞ்சல் ஒன்று. அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தது. கடைசிவரை பக்கத்தில் நின்றேன்.

வாடை இல்லாத தண்ணீர். அளவான தீனி. காற்று விடும் சின்ன மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேறு என்ன? இனி வாரம் இரண்டு முறை கழுவப் போகிறேன்.

மார்ச் 2, வியாழன்

கழுவினேன்.

மார்ச் 6, திங்கள்

கழுவினேன். மோலி ஒன்று போய்விட்டது.

மார்ச் 11, சனி

இசபெல்லா ஒரு சொம்பில் ஏதோ கொண்டுவந்து தொட்டியில் ஊற்றப் போனாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கடல் தண்ணீர்.

"ஒரு சொம்புதாம்ளா. அந்தச் சவத்துக்கு ஒரு வாய் ருசியா இருக்கட்டும். எந்நேரமும் கழுவிக் கழுவி, ஒன் மொகத்தப் பாத்தியா? மீன விட நீதான் வெளுத்துப் போயிருக்க."

வேண்டாம் அக்கா என்றேன். சொம்புத் தண்ணீரில் அவளே கால் கழுவிக்கொண்டாள். "பேச்சின்னு பேர வச்சிக்கிட்டு, பேச்சுங்கது இந்த 'வேண்டாம்' மட்டுந்தான்."

மார்ச் 24, வெள்ளி

பெரிய வெள்ளி. ஆஸ்பத்திரி மூடியிருந்தது. தீனி போட மட்டும் போனேன். மிச்சமிருந்த ஏஞ்சல் எல்லாம் ஒரே நாளில். வாரி எடுத்து முற்றத்தில் போட்டேன். அங்கே சுற்றுகிற பூனை வந்து முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. பூனைகூட.

முந்தாநாள்தான் கழுவினேன். எவ்வளவு சுத்தமாக இருந்தது! கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு.

எனக்கு ஏதோ ஒரு குறை இருக்கிறது. எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் செய்கிறேன். என் கையில் வந்தால் மட்டும் ஆகவில்லை.

மார்ச் 27, திங்கள்

ஜெபகனி அம்மா கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். அதுவே பயமாக இருந்தது.

"நீ கஷ்டப்படுத பிள்ள, எனக்குத் தெரியும். ஆனா வாரவங்க முன்னால செத்த மீன் கெடந்தா என்ன நெனப்பாங்க? புதுக் கட்டடத்துக்குப் போறப்ப இந்தத் தொட்டி நல்லா இருக்கணும். இல்லன்னா நானும் வேற மாதிரித்தான் யோசிக்கணும்."

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். படித்திருக்கிறேன், ஆனாலும் தெரியவில்லை என்று. அதைச் சொல்ல வாய் எங்கே இருக்கிறது.

மிச்சம் மூன்று மோலி, ஒரு தங்கமீன்.

ஏப்ரல் 13, வியாழன்

இரண்டு நாளாகக் காய்ச்சல். இன்று கழுத்தில் கொப்புளம். இங்கே பெண்கள் விடுதியில் என் அறையில் இருக்கும் ஹில்டா பார்த்துவிட்டு, "முத்து போட்டிருக்கு" என்று தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். அம்மை. விடுதியில் வைத்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம். அத்தான் வாடகைக் காரில் வந்து அழைத்துக்கொண்டு போகிறார். சீட்டு முழுக்க வேப்பிலை பரப்பியிருக்கிறார்.

இன்று தொட்டி கழுவும் நாள்.

நான் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும்.

ஏப்ரல் 23, ஞாயிறு. ஊர்

அம்மைக்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். "தேய்க்காத. சொறியாத. அது தானா உதுரும். நீ சும்மா கெடந்தாப் போதும்."

சும்மா கிடப்பது எனக்குத் தெரியாத வேலை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கூடை சாத்துக்குடி வந்திருந்தது. ஜெபகனி அம்மா அனுப்பினார்களாம். அழுகை வந்தது. நல்லவர்களாக இருக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது?

ஏப்ரல் 30, ஞாயிறு

அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். பிள்ளைக்கு அக்காவின் நெற்றி. அப்படியே அக்காவின் நெற்றி.

அம்மா காப்பி போட அடுப்படிக்குப் போனதும் தாழ்ந்த குரலில் கேட்டார். "பேச்சி, ஒங்கப்பா சொல்லுதது ஒரு பக்கம். ஒனக்கு இஷ்டமில்லன்னா எங்கிட்ட சொல்லிரு. நான் ஒண்ணும் நெனச்சிக்கிட மாட்டேன்."

சொல்லியிருக்க வேண்டும். கேட்டாரே! உலகத்தில் யார் கேட்பார்கள் அப்படி? கதவின் கொண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிள்ளை சிணுங்கியது. போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொல்கிறார்: "பிள்ள ஒண்ணும் சொல்லலயாம். சம்மதந்தான்."

மே 8, திங்கள். தூத்துக்குடி

எதை எதிர்பார்த்துப் போனேன், எதைப் பார்த்தேன்!

தொட்டி பச்சை. கண்ணாடியில் பாசி படர்ந்து, மணல் மேல் பழுப்பாகத் தோல் கட்டி, பார்க்கச் சகிக்கவில்லை. இசபெல்லா தீனி மட்டும் போட்டிருக்கிறாள். மற்றபடி கிட்டேகூடப் போகவில்லை. "அம்மை கண்டவ கை பட்டது, நான் தொடுவனா?" என்றாள்.

மூக்கைக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தேன். மூன்று மோலியும் இருந்தன. தங்கமீனும் இருந்தது. கொழுத்து, துறுதுறுவென்று. பாசி ஓரத்தில் கறுப்புக் கடுகு சிந்தின மாதிரி ஏதோ. அந்தக் கடுகு நகர்ந்தது. குட்டிகள்! மோலி முட்டையிடாது, குட்டி போடும் என்று படித்திருக்கிறேன். படித்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் நினைவு வந்தது.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் இல்லாத நாட்களில் ஒன்றுகூடச் சாகவில்லை.

மே 9, செவ்வாய்

தாவரவியல் துணைப்பாடம். இரண்டாம் வருடம். கழிவிலிருந்து அமோனியா. அது விஷம். மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று நைட்ரைட்டாக்கும். வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். அதைச் செடி எடுத்துக்கொள்ளும். வட்டமாக வரைந்து அம்புக்குறி போட வேண்டும். பரீட்சையில் வரைந்தேன். முழு மதிப்பெண்.

மண்ணில் இருப்பது தொட்டி மணலில் இருக்காதா? கல்லில், கண்ணாடியில், அந்த வழுவழுப்பில்? புதுத் தொட்டியில் அது ஊன்றுவதற்கு நாள் பிடிக்கும். ஊன்ற ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் தேங்காய் நாரோடு வந்து நின்றிருக்கிறேன். அந்த வட்டத்தைத்தான் வாரத்துக்கு இரண்டு முறை தேய்த்துச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன்.

அழுக்கால் சாகவில்லை. நோயால் சாகவில்லை. ஒவ்வொன்றும் என் சுத்தத்தால் செத்தது.

யாருக்குக் காட்டுவதற்காக அவ்வளவு சுத்தம்? மீன் கேட்டதா?

மே 15, திங்கள்

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்கிறேன். ஒரு செம்பு பழைய தண்ணீரை எடுத்து, ஒரு செம்பு வாடை போன தண்ணீர் ஊற்றுகிறேன். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துணியால் துடைத்தேன். மணலைத் தொடவில்லை. கை பரபரக்கிறது. தொடவில்லை.

குட்டிகளுக்கு இப்போது வால் தெரிகிறது. இன்று ஒரு பையன் ஊசி போட்டுக்கொண்டு வந்து, கன்னத்தில் கண்ணீரோடு, "அக்கா, இது எத்தன?" என்றான். எண்ண முடியலப்பா என்றேன். இந்த வருடம் நான் சொன்ன ஒரே நல்ல பதில்.

ஜூன் 5, திங்கள்

நாளை மறுநாள் புதுக் கட்டடத் திறப்பு. சபை ஐயர், எங்கள் பக்கத்தில் பாதிரியாரை அப்படித்தான் சொல்வார்கள், வந்து ஜெபம் பண்ணுகிறார். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வருவார்கள். ஜெபகனி அம்மா ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டே வந்து தொட்டியின் முன்னால் நின்றார்கள். பின்பக்கக் கண்ணாடியின் பச்சையைப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ள இது? அம்மைக்குப் பெறகு கையே ஓடலையா ஒனக்கு? புது எடத்துக்கு இந்தப் பாசியையுமா தூக்கிட்டுப் போறது? எல்லாத்தையும் கொட்டிச் சுத்தமாத் தேய்ச்சு, புதுத் தண்ணி ஊத்தி வை."

"வேண்டாம்மா."

எனக்கே கேட்டது, என் குரல். அவர்கள் திரும்பினார்கள். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான்.

"ஏன் வேண்டாம்?"

எல்லாம் வரிசையாகத் தலைக்குள் இருந்தது. அமோனியா, நுண்ணுயிர், வட்டம், அம்புக்குறி. "கழுவுனா—" என்றேன்.

"கழுவுனா?"

தட்டு வெளிச்சத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. வரிசையில் எல்லாரும் பார்க்கிறார்கள். அழுக்காக வைத்திருப்பதுதான் நல்லது என்று, கிராமத்துப் பிள்ளை, நாசரேத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்லம்மா."

"உடம்பு முடியலன்னா சொல்லு. அதுக்கென்ன? இசபெல்லா, நீ தேய்ச்சிரு."

ஜூன் 6, செவ்வாய்

இசபெல்லா தேய்த்தாள். தரை துடைக்கிற பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். வேண்டாம் அக்கா என்று இரண்டு முறை சொன்னேன். "அம்மா சொல்லிட்டாவ, நான் என்னளா செய்ய? நீ அவியகிட்டல்லா சொல்லணும்" என்றாள். சரிதானே. பெரியவற்றை வாளியில் பிடித்துவிட்டாள். குட்டிகள் தண்ணீரோடு போய்விட்டன. சாக்கடை வாயில் குனிந்து பார்த்தேன். என்ன தெரியும்?

ஜூன் 7, புதன்

ஐயர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. ஒரு சின்னப் பெண்ணும் மூடவில்லை.

"அம்மா, மீனெல்லாம் தூங்குது."

"பேசாம இரி."

"எல்லாமே தூங்குதும்மா. மல்லாக்க."

ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். ஜெபகனி அம்மா முகம் வெளுத்துவிட்டது. யாரையும் திட்டவில்லை. மேஜை விரிப்பை எடுத்து அவர்களே தொட்டியின் மேல் போட்டார்கள். வெள்ளை விரிப்பு. ஐயர் ஜெபத்தைத் தொடர்ந்தார்.

திங்கட்கிழமை ஒரு வாக்கியத்தை முடித்திருந்தால். ஒரே ஒரு வாக்கியம்.

ஜூன் 10, சனி

"மீனுக்காகச் சொல்லல பேச்சித்தாய். நீ நல்ல பிள்ள, சுத்தமான பிள்ள. ஆனா இங்க வாரவங்ககிட்ட நாலு வார்த்த பேசணும். ஒன்ன மாதிரி அமைதியான பிள்ளைக்கு இந்த வேலை ஒத்து வராதும்மா" என்றார்கள் ஜெபகனி அம்மா.

நாசரேத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். என் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசுகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இசபெல்லா பஸ் நிலையம் வரை வந்தாள். என் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தேய்ச்சது நாந்தாம்ளா" என்றாள். இல்லை அக்கா என்பதற்குள் பஸ் எடுத்துவிட்டான்.

ஜூன் 16, வெள்ளி. ஊர்

நாள் குறித்துவிட்டார்கள். அளவு ரவிக்கை கேட்டுத் தையல்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடமிருந்து ஒன்றும் தேவைப்படவில்லை. இப்படியே எல்லாம் முடிந்துவிடும். நான் சும்மா கிடந்தால் போதும்.

ஜூன் 17, சனி

அம்மா பிள்ளையை என் மடியில் விட்டாள். தூங்கிவிட்டது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது. இவளைப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? பிடித்திருக்கிறது. அதற்காக?

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று எழுதி, அடித்துவிட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

மில்லுக்குப் போனேன்.

வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவேன். மில்லுக்குள் ஒரே இரைச்சல், உமித்தூசி. புடைக்கிற பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கல்யாணப் பெண் மில்லுக்கு வருவாளா? அத்தான் தலையில் துண்டோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு இஷ்டமில்ல அத்தான்" என்றேன்.

காதில் கையை வைத்து, "என்ன?" என்றார்.

மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு போய் விசையை இழுத்தார். பெல்ட் மெதுவாகி மெதுவாகி நின்றது. இத்தனை பேர் பிழைக்கிற இயந்திரம் நான் பேசுவதற்காக நின்றது. ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது.

"எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல. ஒங்க மேல கொற இல்ல. பிள்ளய எனக்குப் பிடிக்கும். ஆனா அக்கா எடத்துல என்னால இருக்க முடியாது. எனக்கு வேற வேணும். என்னன்னு தெரியல. ஆனா வேற."

வாக்கியங்கள் முடிந்தன. ஒவ்வொன்றும் முடிந்தது.

அத்தான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? நான் கேட்டனே."

"ஆமா."

"ஊரெல்லாம் சொல்லியாச்சே பேச்சி." சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு, "சரி. மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், எனக்குத்தான் தோதுப்படலன்னு. ஒம் பேரு வராது. நீ வீட்டுக்குப் போ."

ஜூன் 21, புதன்

நேற்று பொழுது சாய அத்தான் வந்தார். நான் உள்ளறையில். "மாமா, எனக்கு இப்பம் தோதுப்படல. தள்ளிப் போட்டுருவோம்" என்றார். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எம் பிள்ளைக்கு என்ன கொற கண்ட?" என்றார். குரல் உடைந்திருந்தது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அவரை ஏதேதோ சொன்னார். அக்காவை இழுத்துச் சொன்னார். அத்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

உள்ளறையிலேயே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் எல்லாம் என் பேர் படாமல் முடிந்திருக்கும்.

வெளியே வந்தேன். "அவிய சொல்லலப்பா. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன். மில்லுல போயிச் சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். வெற்றிலையைக் கீழே வைத்தார். எழுந்து வயல் பக்கம் போய்விட்டார்.

ஜூன் 29, வியாழன்

அப்பா பேசவில்லை. என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மில் பெண்கள் மூலம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குளத்துக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அத்தான் பிள்ளையை அனுப்புவதில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

விளாத்திகுளத்தில் ஒரு தனிப்பயிற்சிப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தர ஆள் தேடுகிறார்களாம். அம்மா எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஜூலை 10, திங்கள். விளாத்திகுளம்

கரிசல் பூமி. காற்று மட்டும்தான் இருக்கிறது. பஸ் ஏற்ற அம்மா வந்தாள். அப்பா வரவில்லை.

இன்று முதல் வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறினவர்கள், பாதிப்பேர் என்னைவிட உயரம். கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு ஆரம்பித்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், கேக்கல" என்றாள்.

திரும்பி நின்று மறுபடி சொன்னேன்.